வலிக்கிறது என்று சொன்னால் குற்றமா?



மூன்று மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, மஃரிபுக்குச் சற்று முன்னால், மதரஸாப் பிள்ளைகள் கலைந்து சென்றுகொண்டிருந்த நேரம். என்னிடம் முன்பு ஓதிய பெண் ஒருத்தி வந்து வாசலோரம் நின்றாள். திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. குழந்தையில்லை. கையில் மருத்துவமனை ஃபைல் ஒன்றை மார்போடு அணைத்து வைத்திருந்தாள். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தவள் ஃபைலைத் திறக்கவேயில்லை.

"டீச்சரம்மா, ஒரு மசாயில் கேட்க வந்தேன். அடுத்த மாதம் எனக்குக் கருமுட்டை எடுக்கப் போகிறார்கள். வலி தெரியாமல் இருக்க மயக்க மருந்து வேண்டும் என்று நானாகக் கேட்டால் அது பொறுமை இல்லாத குணம் ஆகிவிடுமா? அல்லாஹ்விடம் பிள்ளைப் பாக்கியம் கேட்டுக்கொண்டே, அதற்காக இந்த வலியைக்கூடத் தாங்கமாட்டேன் என்பது நன்றி கெட்டதனமா?"

இப்படியொரு கேள்வி ஏன் பிறந்தது என்று மெல்ல விசாரித்தேன். சில மாதங்களுக்கு முன் அவளுக்கு 'டியூப் டெஸ்ட்' செய்திருக்கிறார்கள். கருப்பைக்குள் சாயநீரைச் செலுத்தி, கருக்குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்று எக்ஸ்ரேயில் பார்க்கும் சோதனை அது. என்ன நடக்கும் என்று யாரும் முன்னதாகச் சொல்லவில்லை. மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை. சாயம் உள்ளே ஏறியபோது அடிவயிற்றைப் பிழிந்தெடுத்தது போலிருந்ததாம், அலறிவிட்டாள். அருகிலிருந்த செவிலியர், "இதற்கே இப்படிக் கத்தினால் பிள்ளை எப்படிப் பெறுவாய்?" என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்தால் மாமியும் தம் பங்குக்கு, "நாங்களெல்லாம் மருத்துவச்சியை வைத்து வீட்டிலேயே பெற்றவர்கள்" என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து இந்தப் பெண்ணுக்கு உறக்கமில்லை. வலியைவிட அந்த ஒரு வார்த்தை அவளை அதிகம் வதைத்திருக்கிறது. வலி தாங்காதவள் தாயாகத் தகுதியற்றவள் என்று தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள்.

அவளுக்கு உடனே நான் பதில் சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதை இந்தப் பக்கத்தில் எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், எங்கள் தாமலில் எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்த வேறொரு பெண் இதே போன்ற சோதனையைச் செய்துகொண்டு வந்து என்னிடம் அழுதாள். நான் அப்போது என்ன சொன்னேன் தெரியுமா? "பொறுத்துக்கொள்ளம்மா. பொறுமைக்கு மறுமையில் கூலி உண்டு" என்றேன். சொன்னது பொய்யில்லை. ஆனால் சொன்ன இடம் பிழை. அதன் பிறகு அவள் சிகிச்சைக்குப் போகவேயில்லை. காசில்லாமல் நிறுத்திவிட்டார்கள் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். சென்ற ஆண்டுதான் அவளுடைய நாத்தனார் மூலம் உண்மை தெரிந்தது: அந்த மேசையில் மறுபடி படுக்க அவளுக்கு அச்சம். பொறுக்க முடியவில்லை என்று சொன்னால் ஈமானில் குறை என்று ஆகிவிடுமோ என்று அதை வெளியில் சொல்லவும் அச்சம். சிகிச்சை தொடர்ந்திருந்தால் பிள்ளை பிறந்திருக்கும் என்று சொல்ல நான் யார்? அது இறைவனின் நாட்டம். ஆனால் அவள் போகாமல் நின்றதில் என் வார்த்தைக்கும் பங்கு இருக்கிறது.

ஆகவே இந்த முறை நிதானமாக யோசித்தேன். சூரத்து மர்யமைப் பிள்ளைகளுக்கு எத்தனை முறை ஓதிக் கொடுத்திருக்கிறேன்! மர்யம் (அலை) அவர்களைப் பிரசவ வேதனை ஒரு பேரீச்ச மரத்தின் அடிக்குக் கொண்டு வந்து சேர்க்கிறது. இதற்கு முன்பே இறந்து போயிருக்கக் கூடாதா என்று அந்தத் தூய பெண்மணி வாய்விட்டுச் சொல்கிறார்கள். அதற்காக அவர்கள் கடிந்துகொள்ளப்படவில்லை. 'இதையே தாங்கமாட்டாயா' என்று கேட்கப்படவுமில்லை. கவலைப்படாதே என்ற ஆறுதலும், காலடியில் நீரோடையும், உண்ணக் கனிந்த பேரீச்சம் பழமும் கிடைக்கின்றன. வலியில் இருக்கும் பெண்ணை எப்படி நடத்துவது என்பதற்கு இதைவிட வேறு பாடம் நமக்கு வேண்டுமா? நோய் வந்தால் மருந்து தேடச் சொல்லும் மார்க்கம், மருந்து இருக்கும்போது வலியைத் தேடிக்கொள்ளச் சொல்லவில்லை. மருந்து கொடுத்த பிறகும் மிஞ்சுகிற வலிக்கு, முடிவு தெரியாமல் காத்திருக்கும் நாட்களுக்கு, கூடிவராமல் போனால் அந்தத் துயரத்துக்கு, பொறுமைக்கு வேலை நிறைய இருக்கிறது.

இதை அவளிடம் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகுதான் ஃபைலைத் திறந்தாள்.

நான் கல்லூரியில் வரலாறு படித்தவள், மருத்துவம் அறியாதவள். எனினும் கேள்வி கேட்டவளை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை. காஞ்சிபுரத்தில் எனக்குப் பழக்கமான பெண் மருத்துவரிடம் சென்று விவரமாக விசாரித்தேன், படித்தும் தெரிந்துகொண்டேன். நம் வீடுகளில் இதைப் பற்றிப் பேசுவார் இல்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சோதனைக் குழாய் முறையில் உலகின் முதல் குழந்தை, லூயிஸ் பிரௌன், 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்தது. நம் தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1990இல் சென்னையில் மருத்துவர் கமலா செல்வராஜ் அவர்களின் முயற்சியில் பிறந்தது. ஆரம்ப காலத்தில் கருமுட்டை எடுப்பது என்றால் வயிற்றில் துளையிட்டுக் குழல் செலுத்திச் செய்யும் அறுவை. முழு மயக்கம் கொடுக்காமல் நடவாது. 1980களின் நடுவில் ஸ்கேன் துணையோடு பெண்ணுறுப்பின் வழியாகவே மெல்லிய நீண்ட ஊசியைச் செலுத்திக் கருமுட்டையை உறிஞ்சி எடுக்கும் முறை வந்தது. வயிற்றில் தையல் இல்லை, கால்மணி அரைமணியில் முடிந்துவிடுகிறது, அன்றே வீடு திரும்பலாம். பெரிய வசதிதான். ஆனால் இந்த வசதியோடு ஒரு சொல்லும் கூடவே வந்துவிட்டது: "சின்ன விஷயம்தானம்மா." மருத்துவருக்குச் சின்ன விஷயம். ஊசி பெண்ணுறுப்பின் சுவரைத் துளைத்து, சினைப்பைக்குள் நுழைந்து, ஒவ்வொரு முட்டைப் பையாகக் குத்தி உறிஞ்சுகிறதே, படுத்திருப்பவளுக்கு அது எப்படிச் சின்ன விஷயமாகும்? அதிலும் எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோய் உள்ளவர்களுக்கும், முன்பு அடிவயிற்றில் அறுவை நடந்தவர்களுக்கும், முட்டைகள் மிகுதியாக வளர்ந்திருப்பவர்களுக்கும் வேதனை கூடுதலாக இருக்கலாம்.

நம் நாட்டில் பல மருத்துவமனைகளில் இதற்குச் சிறிது நேர மயக்கம் கொடுக்கிறார்கள். கைநரம்பில் மருந்து ஏற்றியதும் உறக்கம், விழித்தால் முடிந்திருக்கும். வேறு சில இடங்களில் அரைமயக்கமும், கருப்பை வாயருகே மரத்துப்போகும் ஊசியும் தருவார்கள். பிரிட்டனில் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2013இல் வெளியிட்ட நெறிமுறை, இப்படிக் கருமுட்டை எடுக்கப்படும் பெண்களுக்கு அரைமயக்க மருந்து தர முன்வர வேண்டும் என்கிறது. உலக அளவில் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2018இல் வெளியான காக்ரேன் ஆய்வு, எந்த ஒரு முறையும் மற்றவற்றைவிட மேல் என்று முடிவு கட்டவில்லை. ஆனால் ஒரு மருந்தை மட்டும் நம்புவதைவிட அரைமயக்கத்தோடு வேறொரு வலிநீக்க முறையைச் சேர்ப்பது நல்ல பயன் தருவதாகக் கண்டது. "மயக்க மருந்து முட்டையைக் கெடுத்துவிடும்" என்று ஒரு பேச்சு உலவுகிறது. எந்த வலிநீக்க முறையைக் கையாண்டாலும் கருத்தரிப்பதில் தெளிவான வேறுபாடு இருப்பதாக அந்த ஆய்வில் தெரியவரவில்லை.

மருந்து இருந்தும், வலி இருந்தும், சொல் கேட்கப்படாமல் போனால் என்ன ஆகும்? அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். கனெக்டிகட் மாநிலத்தில் புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழகத்தின் கருத்தரிப்பு மையம். 2020ஆம் ஆண்டு ஜூன் முதல் அக்டோபர் வரை அங்கே கருமுட்டை எடுக்கப்பட்ட பெண்கள் பலர் வேதனையில் துடித்தார்கள். ஃபென்டானில் என்ற வலுவான வலிநீக்கி அவர்களுக்கு ஏற்றப்பட்டதாகப் பதிவேடு சொன்னது. குப்பியில் இருந்ததோ பெரும்பாலும் உப்புநீர்! போதைப் பழக்கத்துக்கு ஆளான செவிலியர் ஒருவர் மருந்தை எடுத்துக்கொண்டு, குப்பிகளில் உப்புநீரை நிரப்பி வைத்திருந்தார். அந்த மாதங்களில் அங்கே தரப்பட்ட ஃபென்டானிலில் ஏறத்தாழ 75 சதவிகிதம் இப்படிக் கலப்படமானது என்று அந்நாட்டு அரசு வழக்கறிஞர் அலுவலகம் கூறியது.

இதில் என்னைத் திடுக்கிடச் செய்தது திருட்டு அன்று. திருடர் எங்கும் உண்டு. அந்தப் பெண்கள் வாய் மூடி இருக்கவில்லை. வலிக்கிறது என்றார்கள், மருந்து வேலை செய்யவில்லை என்றார்கள், சிலர் அலறினார்கள். கொடுக்க வேண்டிய அளவு கொடுத்தாயிற்று, இதற்கு மேல் தர முடியாது என்ற பதில் கிடைத்தது. படித்த பெண்கள், உலகின் பெரிய பல்கலைக்கழகம், வசதிக்குக் குறைவில்லை. இருந்தும், ஒருத்தியின் அலறலைக் கேட்டுக் குப்பியைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை, பெண்ணைத்தான் சந்தேகித்தார்கள். கடைசியில், ஒரு குப்பியின் மூடி தளர்ந்திருந்ததைக் கண்ட பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. அத்தனை பெண்களின் குரலால் முடியாததை ஒரு மூடி செய்துவிட்டது. செவிலியர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2021 மே மாதத்தில் அவருக்கு நான்கு வார இறுதிகள் சிறையும், மூன்று மாத வீட்டுக் காவலும், மூன்றாண்டுக் கண்காணிப்பும் விதிக்கப்பட்டன. மருந்துக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை மீறியதாக எழுந்த புகாரைத் தீர்த்துக்கொள்ள, 2022 அக்டோபரில் பல்கலைக்கழகம் 3,08,250 டாலர் செலுத்தியது. 2023இல் 'தி ரிட்ரீவல்ஸ்' என்ற ஒலித்தொடர் இந்தப் பெண்களைப் பேச வைத்து உலகறியச் செய்தது. அவர்களில் சிலர், வலி தாங்காதது தங்கள் உடலின் குறை என்றே அதுவரை நம்பியிருந்தார்களாம். என்முன் ஃபைலோடு உட்கார்ந்திருந்த பெண்ணின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

இனி நம் பெண்களுக்கே உரிய தயக்கங்கள் சில. இவற்றை எந்த மருத்துவப் புத்தகத்திலும் காணமுடியாது.

முதலாவது வெட்கம். நினைவிழந்து படுத்திருக்கும்போது யார் வருவார்கள், யார் பார்ப்பார்கள் என்ற கலக்கத்தால், "மயக்கமே வேண்டாம், பல்லைக் கடித்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் சகோதரிகளை எனக்குத் தெரியும். இதற்கு வழி வலியைத் தாங்குவதில் இல்லை, முன்னதாகப் பேசுவதில் இருக்கிறது. பெண் மருத்துவர்தானா, மயக்கம் கொடுப்பவர் ஆணாக இருந்தால் ஒரு பெண் செவிலியர் முழுநேரமும் உடனிருப்பாரா, தேவைக்கு மேல் உடல் மூடப்பட்டிருக்குமா என்று கேளுங்கள். கேட்டால் செய்துதருகிறார்கள். ஆண் மருத்துவரைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலையில் சிகிச்சை நிமித்தம் மார்க்கத்தில் இடம் உண்டு என்பதை உங்கள் ஊர் ஆலிம் பெருமக்களிடம் கேட்டுத் தெளியலாம்.

இரண்டாவது, இதைவிட ஆழமான பயம்: மயங்கிக் கிடக்கும்போது பெயர் மாறி, பொருள் மாறி, வேறொருவருடையது கலந்துவிட்டால்? கணவன் மனைவி இருவரின் கருப்பொருள் மட்டுமே இருக்க வேண்டும், மூன்றாமவருக்கு இடமில்லை என்பது 1986இல் அம்மான் நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி எடுத்த முடிவு. எனவே இந்தப் பயம் நியாயமானது. ஆனால் விழித்துப் படுத்திருந்தால் மட்டும் ஆய்வுக்கூடத்தில் நடப்பது நமக்குத் தெரிந்துவிடுமா? மயக்கம் கொடுக்கும் முன் உங்கள் பெயரையும் கணவர் பெயரையும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். குப்பியில் எப்படிப் பெயர் எழுதுகிறார்கள், யார் சரிபார்க்கிறார்கள் என்று கணவர் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

நம் நாட்டில் 2021இல் இயற்றப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த செயற்கைக் கருத்தரிப்பு முறைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் இருக்கிறது. எழுத்து மூலமான ஒப்புதல் இன்றிச் சிகிச்சை செய்யக் கூடாது, விளைவுகளையும் வெற்றி வாய்ப்பையும் விளக்கி ஆலோசனை தர வேண்டும், குறை கேட்கும் பிரிவு வைத்திருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. ஒப்புதல் தாளை நீட்டியதும் கையெழுத்திடும் வழக்கம் நம்மிடம் உண்டு. படித்துப் பார்த்து, 'எனக்கு எந்த மயக்கம், யார் கொடுப்பார், பாதியில் வலித்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டபின் கையெழுத்திட்டால் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

டியூப் டெஸ்டுக்கு வழக்கமாக மயக்கம் தருவதில்லை. ஆனால் சுமார் ஒரு மணி நேரம் முன்னதாக வலிமாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். மாத்திரை வலியை முழுவதும் போக்காது. சாயத்தை மெதுவாகச் செலுத்தச் சொல்லலாம், தாங்காவிட்டால் நிறுத்தச் சொல்லலாம். வயிற்றுப் புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். கருவை வைக்கும் நாட்களில் தாமாக எந்த வலிமாத்திரையையும் விழுங்க வேண்டாம். இடுப்பில் போடும் எண்ணெய் ஊசியால் கட்டிப்போய் உட்காரமுடியாமல் தவிப்பவர்கள், வலப்பக்கம் இடப்பக்கம் மாற்றிப் போடச் சொல்லலாம். அதற்குப் பதிலாக உள்ளே வைக்கும் மாத்திரை தமக்குப் பொருந்துமா என்றும் கேட்கலாம். கருமுட்டை எடுத்த பிறகு ஓரிரு நாள் மாதவிடாய் வலிபோல் இருப்பது இயல்பு. ஆனால் வயிறு ஊதிக்கொண்டே போவது, ஓயாத வாந்தி, மூச்சுத் திணறல், சிறுநீர் குறைவது, காய்ச்சல், மிகுந்த இரத்தப்போக்கு, நேரம் ஆக ஆகக் கூடும் வலி, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் இரவே புறப்பட வேண்டும். இந்த இடத்தில் பொறுமை காட்டுவது உயிருக்கே ஆபத்து.

அந்தப் பெண்ணும் நானும் உட்கார்ந்து, கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதினோம். மருத்துவர் முன் போனால் நா எழாது என்றாள். அப்படியானால் தாளை நீட்டிவிடு என்றேன். அவளுடைய மாமியையும் ஒருநாள் சந்தித்துப் பேசினேன். கடுமையான மனிதர் என்று நினைத்திருந்தேன்; அப்படியில்லை. தமக்கு மூன்றாவது பிரசவத்தில் மூன்று நாள் வலி, யாரும் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று அழுதுவிட்டார். நாற்பது ஆண்டுகளாக அதை யாரிடமும் சொன்னதில்லையாம். "மருமகளோடு நானே போகிறேன்" என்றார்.

குறித்த நாளில் போனார்கள். மயக்கம் கொடுக்கும் மருத்துவர் முன்னதாகவே வந்து, எடை என்ன, கடைசியாக எப்போது சாப்பிட்டாய், மூச்சிரைப்பு உண்டா என்றெல்லாம் விசாரித்தாராம். தாளில் இருந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாராம். இரு பெயர்களையும் படித்துக் காட்டினார்கள். கண்விழித்தபோது மாமி கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இன்னும் ஆரம்பிக்கவில்லையா?" என்று இவள் கேட்டாளாம். மாலையில் அடிவயிற்றில் இலேசான பிடிப்பு, மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி ஒரு பாராசிட்டமால், அவ்வளவுதான். இதை நான் எழுதும்போது கருவை வைத்துச் சில நாட்களே ஆகின்றன. இரத்தப் பரிசோதனை அடுத்த வாரம். துஆச் செய்யுங்கள்.

அந்த முதல் பெண்ணின் வீட்டுக்கும் சென்ற ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்டேன். அவள் பதறிப்போய், "அதெல்லாம் எதற்கு டீச்சரம்மா" என்று தேநீர் போடப் போய்விட்டாள். வேறு பேச்சுகள் பேசினோம். தாமல் ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, யார் மகளுக்கு எங்கே நிக்காஹ் என்றெல்லாம். முப்பத்தெட்டு வயது முடிகிறது அவளுக்கு. விடைபெறும்போது வாசல்வரை வந்தவள், குரலைத் தாழ்த்தி, "மயக்க மருந்து கொடுத்தால் உண்மையிலேயே ஒன்றும் தெரியாதாமா?" என்று கேட்டாள்.